கிளினிக் அட்டையில் கீழே இறங்கின கோடு

வவுனியாவில ஒரு பிள்ளையள் டொக்டரின்ர வீட்டு விறாந்தையில, வரிசைக்குப் போட்டிருந்த பிளாஸ்ரிக் கதிரை ஒண்டில நான் இருக்கிறன். பக்கத்தில சுகந்தி, என்ர மனிசி. அவளின்ர மடியில மகள் மதுரா. மத்தியானம் சரிஞ்ச வெயில் சுவரில பாதிக்கு ஏறியிட்டுது. மேல மின்விசிறி சுத்துது, காத்து மட்டும் வரேல்லை. டெற்றோல் மணத்துக்குள்ள ஆரோ ஒரு பிள்ளை சத்தியெடுத்த புளிச்ச மணமும் கலந்து வருது.

எனக்கு நேர முன்னால சுவரில ஒரு படம். ஒரு கோப்பை. அதில சோறு எவ்வளவு, பருப்பு எவ்வளவு, கீரை எவ்வளவு எண்டு பிரிச்சுக் காட்டி, ஒரு பக்கத்தில அவிச்ச முட்டையும் மற்றப் பக்கத்தில பப்பாப்பழத் துண்டும். பிள்ளைக்கு என்ன குடுக்கவேணும் எண்டு எழுத வாசிக்கத் தெரியாத ஆளுக்கும் விளங்கும். அது நான் கீறின படம்.

மற்ற நாளெண்டால் சுகந்தியின்ர முழங்கையில இடிச்சு, பார் ஆர் கீறினது எண்டு பெருமை அடிச்சிருப்பன். அண்டைக்கு அந்தப் படத்தை நிமிர்ந்து பாக்க எனக்குக் கூச்சமாக் கிடந்தது. ஊரான் வீட்டுப் பிள்ளையளுக்கெல்லாம் கோப்பையில என்ன வைக்கிறது எண்டு கீறிக் குடுக்கிற மனிசன், தன்ர பிள்ளை மெலிஞ்சுபோகுது எண்டு வந்து குந்தியிருக்கிறான். வாத்தியார் பிள்ளை மக்கு எண்டு சும்மாவோ சொன்னவை.

சுகந்தி ஒரு சொப்பிங் பையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டிருந்தாள். அதுக்குள்ள மகளின்ர கிளினிக் அட்டை. அந்த அட்டையில ஒரு நீலக் கோடு மேலயிருந்து கீழ சரிஞ்சு கிடந்தது. அந்தக் கோட்டாலதான் நாங்கள் எங்கட ஊர் வட்டக்கச்சியில இருந்து விடிய வெளிக்கிட்டு வந்து அங்க இருந்தம்.

படம் கீறிச் சம்பளமோ?

இந்த இடத்தில என்ர தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். இந்தத் தொடரை வாசிக்கிற ஒரு ஐயா போன கிழமை கோல் எடுத்து, தம்பி நீர் மோட்டச்சைக்கிளைப் பற்றி எழுதினீர், மாட்டைப் பற்றி எழுதினீர், நீர் என்ன செய்து சாப்பிடுறீர் எண்டு ஒருக்காலும் எழுதேல்லையே எண்டு கேட்டார். ஞாயமான கேள்விதான்.

நான் இன்போகிராபிக் செய்யிறன். கிளிநொச்சி ரவுணில ஒரு அச்சகத்துக்கு மேல, தகரக் கூரைக்குக் கீழ, ஒரு கொம்பியூட்டரோட இருக்கிறன். தமிழில தகவல் வரைகலை எண்டு சொல்லுவினம். அப்பிடிச் சொன்னால் எங்கட ஊரில ஒருத்தருக்கும் விளங்காது. கலியாணம் பேசி வந்த நேரம் சுகந்தியின்ர தேப்பன் கேட்டார், படம் கீறிச் சம்பளமோ எண்டு. ஓம் மாமா எண்டன். அவர் அதுக்குப் பிறகு என்ர காணியைப் பற்றித்தான் கதைச்சார்.

பக்கம் பக்கமா எழுதினாலும் சனம் வாசிக்காது. வாசிச்சாலும் மறந்துபோகும். அதையே ஒரு படமாப் போட்டு, நடந்து போறவன் திரும்பிப் பாத்தவுடனே ‘ஓ, இதுதானோ’ எண்டு பிடிபட வைக்கிறதுதான் என்ர வேலை. இலக்கம் இருக்கும், நிறம் இருக்கும், ஒரு கோடோ வட்டமோ இருக்கும். வடிவா இருக்கவேணும் எண்டது பிறகுதான். பாத்த மனிசன் வீட்ட போய் ஒரு காரியத்தைச் செய்யவேணும், அல்லது செய்யாமல் விடவேணும். அப்பதான் அது உதவினது எண்டு அர்த்தம்.

இது என்னவோ புதுச் சாமான் எண்டு நினைக்காதேங்கோ. எங்கட குளத்தில தண்ணி திறக்கிற துருசடியில அடி அடியாக் கோடு போட்டு இலக்கம் எழுதின அளவுகோல் ஒண்டு தண்ணிக்குள்ள நிக்குது. அணைக்கட்டால சைக்கிளில போற ஒருத்தனும் அதைப் பாக்காமல் போகமாட்டான். ‘குளம் எத்தினை அடி?’ எண்டதுதான் இங்க சனம் சந்திச்சால் கேக்கிற முதல் கதை. அந்த ஒரு கோட்டைப் பாத்திட்டுத்தான் ஆள் கோடைக்குச் சிறுபோக நெல்லு விதைக்கிறதோ விடுறதோ எண்டு யோசிக்கிறான். அதைவிட நல்ல இன்போகிராபிக்கை நான் இன்னும் செய்யேல்லை.

சிவப்பு அடிச்ச ஊர்

இன்னொரு கதையும் இருக்கு. சொல்லாமல் விட்டால் எனக்குக் கை அரிக்கும்.

சண்டை முடிஞ்சு சனம் திரும்பி வந்து குடியேறிக் கொஞ்சக் காலம். நான் இந்தத் தொழிலுக்குப் புதுசு. கோடைக்குப் பவுசர் லொறித் தண்ணி எந்த ஊருக்கு முதல் போகவேணும் எண்டு காட்டப் பிரதேச சபைக்காரர் ஒரு வரைபடம் கேட்டவை. கிணறு வத்தின ஊருகளுக்குச் சிவப்பு அடிச்சன். கொஞ்சம் தண்ணி உள்ளதுகளுக்கு மஞ்சள். அவசரமெண்டால் சிவப்பு எண்டுதானே நாங்கள் படிச்சது. கொண்டுபோய் அந்தந்த ஊருப் பொதுநோக்கு மண்டபங்களில ஒட்டினவை.

கொஞ்ச நாளால ஒரு ஊரில இருந்து ஆள் வந்திட்டுது. சனம் விறகுக்குப் போகுதில்லையாம். மாட்டை அவிழ்த்து விடுகுதில்லையாம். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையளை றோட்டால சுத்தி அனுப்புதுகளாம். வந்த ஆளின்ர முகத்தில நல்ல கோவம். “கண்ணிவெடி எடுத்து முடிஞ்சுது எண்டு சொல்லித்தானே எங்களைக் கொண்டுவந்து விட்டனீங்கள். இப்ப ஏன் திரும்பச் சிவப்பு அடிச்சிருக்கிறியள்?”

கண்ணிவெடி இருக்கு எண்டு நட்ட சிவப்புக் கட்டையையும் சிவப்புப் பலகையையும் பாத்துப் பாத்து நடந்த சனத்துக்கு நான் சிவப்பால தண்ணி காட்டப் போயிருக்கிறன். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெக்கமும் வந்தது. மண்நிறம் அடிச்சுத் திரும்ப அச்சடிச்சுக் குடுத்தன். படத்தில கீறுறவன் பாதி, பாக்கிறவன் பாதி எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது.

பச்சைப் பட்டை

சரி, அட்டைக்கு வருவம்.

பிள்ளை பெத்த ஆக்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மாசாமாசம் கிளினிக்குக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையை நிறுத்து, அந்த மாசத்துக்குரிய கட்டத்தில ஒரு புள்ளி வைப்பினம். பிறகு புள்ளியளைத் தொடுத்து ஒரு கோடு. பின்னுக்குப் பட்டை பட்டையா நிறம். பச்சைக்குள்ள கோடு போனால் பயமில்லை. தோடம்பழச் செம்மஞ்சள் நிறத்துக்கு இறங்கினால் கவனம். சிவப்புக்கு வந்தால் ஓடு ஆசுப்பத்திரிக்கு.

தொழில்காரன் எண்ட முறையில சொல்லுறன், அருமையான படம். அதை யோசிச்ச ஆளைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடுவன். ஆனால் தகப்பனா அதைப் பாக்கிறது வேறை விசயம். அந்தக் கோடு மதுராவைப் பொறுத்தமட்டில தொடக்கத்தில இருந்தே பச்சைக்குள்ள, நல்ல நிமிர்வா ஏறிக்கொண்டு போனது. கிளினிக்கால வந்தவுடனே நான் அட்டையை விரிச்சுப் பாப்பன். மாசச் சம்பளத்தைவிட அந்தப் புள்ளி எனக்குப் பெரிசு.

போன மாரியில குளம் நிரம்பி வான் பாய்ஞ்சு எங்கட ஒழுங்கைக்குள்ள தண்ணி வந்திட்டுது. எல்லாரும் பள்ளிக்கூடத்தில போய் இருந்தம். அந்த மாசம் கிளினிக் நடக்கேல்லை. சுகந்திக்குக் கடும் காய்ச்சல். வாங்கிலில பாயைப் போட்டுச் சுருண்டு கிடந்தாள். பிள்ளையைப் பாத்தது முழுக்க என்ர மனோ அக்கா.

மனோ அக்கா எனக்கு மூத்தவா. அடுத்த வளவு. அம்மா போனபிறகு என்னை அதட்டுற பொறுப்பை எடுத்துக்கொண்டவா. அவாவுக்கும் அத்தானுக்கும் பிள்ளையள் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு மருத்துவக் குழு வந்த நேரம், தடிமனும் மூக்கடைப்புமா இருந்த மதுராவைத் தூக்கிக்கொண்டு, கிளினிக் அட்டையையும் கொண்டு போனது அவாதான்.

தண்ணி வடிஞ்சு, வீடு கழுவி, அடுத்த மாசக் கிளினிக் வந்தது. எங்கட வழமையான மருத்துவிச்சி, கிளினிக் மிஸ், தன்ர பிள்ளைப்பேத்து லீவில. வேறை பகுதியில இருந்து ஒரு மிஸ் வந்திருந்தவா. வெள்ளத்துக்குப் பிறகு தாய்மாரின்ர வரிசை படலைக்கு வெளியிலயும் நிண்டதாம். அவா மகளை நிறுத்துப் புள்ளியை வைச்சிட்டு அட்டையைப் பாத்துக் கேட்டாவாம், போன மாசப் புள்ளி இருக்கு, நிறை இலக்கம் எழுதேல்லையே எண்டு. சுகந்தி, அது வெள்ளத்துக்குள்ள பள்ளிக்கூடத்தில நிறுத்திருப்பினம், எனக்குக் காய்ச்சல், மச்சாள்தான் கொண்டுபோனவா எண்டு சொல்லியிருக்கிறாள். அவள் அப்பிடித்தான் நம்பியிருந்தவள்.

மிஸ் ரெண்டு புள்ளியையும் நீலப் பேனையால தொடுத்தா. கோடு சறுக்கி விழுந்தது.

பச்சையின்ர மேல் விளிம்புக்குக் கிட்ட இருந்த புள்ளியில இருந்து பச்சையின்ர நடுவுக்கு. புள்ளி இன்னும் பச்சைக்குள்ளதான் எண்டாலும், ஒரே மாசத்தில இவ்வளவு இறங்கக்கூடாது, உடனே ஒரு பிள்ளையள் டொக்டரிட்டக் காட்டுங்கோ எண்டு மிஸ் சொன்னாவாம். அவாவில பிழையில்லை. கோடு அப்பிடி இறங்கினால் அப்பிடித்தான் சொல்லவேணும்.

அக்காவுக்குச் சொல்லாதே

அட்டையை என்ர கையில தந்திட்டுச் சுகந்தி குசினிக்குள்ள போனவள் வெளியில வரேல்லை. நான் அந்தக் கோட்டைப் பாத்தபடி நிண்டன். எத்தினை கோடு கீறியிருப்பன். விளைச்சல் இறங்கினது, மழை இறங்கினது, பள்ளிக்கூட வரவு இறங்கினது. ஒரு கோட்டுக்கும் நான் பயந்ததில்லை.

பயம் வந்தால் கண் வேறை மாதிரிப் பாக்கும். அதுவரைக்கும் நல்லாத் தவழ்ந்து திரிஞ்ச பிள்ளை எனக்கு மெலிஞ்சு தெரிஞ்சாள். கன்னம் வத்தினமாதிரி, கை மெல்லிசானமாதிரி. கலகலவெண்டு சிரிச்சாலும், இதென்ன சத்தில்லாத சிரிப்பு எண்டு பட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சத்துமாக் கரைச்சுக் குடுத்தம். துப்பினாள். முட்டை மஞ்சட்கருவை மசிச்சுக் குடுத்தம். அதை என்ர சேட்டில பூசினாள். ஒருநாள் நான் சுகந்திக்கும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்தியில இருக்கிற மில்லுக்குப் போய், நெல்லு மூட்டை நிறுக்கிற தராசில அவளோட ஏறி நிண்டன். பிறகு அவளை மில்காரரிட்டக் குடுத்திட்டு நான் தனிய ஏறினன். கழிச்சுப் பாத்தால் பிள்ளை ஒரு மரக்கறிக் கூடை அளவும் இல்லை. திரும்ப ஏறினால் வேறை கணக்கு. மில்காரர், தம்பி இது நெல்லுக்குத்தான் உண்மை சொல்லும் எண்டார். விசரன்மாதிரி வீட்ட வந்தன்.

ஒரு விசயத்தில மட்டும் நான் கண்டிப்பா நிண்டன். மனோ அக்காவுக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் விடியமுதல் வட்டக்கச்சி முழுக்கத் தெரியும். நேத்தி வைப்பா, நூல் கட்டுவா, கண் பட்டது எண்டு நாவூறு கழிப்பா, ஆரார் பிள்ளையைப் பாத்தது எண்டு பேர் பேராச் சொல்லிச் சண்டைக்கு நிப்பா. எனக்கு இருந்த அந்தரத்துக்கு அது தாங்காது. சுகந்தி, சொல்லுறது நல்லமெண்டுதான் நினைச்சவள். நான் விடேல்லை.

கிளிநொச்சியில பிள்ளையள் டொக்டர் லீவில எண்டபடியால் வவுனியாவுக்கு வெளிக்கிட்டம். அக்காவுக்கு, கனகராயன்குளத்துக்குச் சுகந்தியின்ர வீட்ட போறம் எண்டு பொய் சொன்னன். அக்கா வேலிக்கு அங்கால நிண்டபடி சரி எண்டா. வேறை நேரமெண்டால், பிள்ளைக்குத் தொப்பி போட்டனீங்களோ, தண்ணிப் போத்தில் எங்க எண்டு ஆயிரம் கேள்வி வந்திருக்கும். அண்டைக்கு ஒரு கேள்வியும் இல்லை. எனக்கு அது நல்லதாப் போச்சு எண்டு நினைச்சன்.

பஸ் கனகராயன்குளத்தில நிண்டு ஆக்களை ஏத்தினது. சொந்த ஊர் வந்தால் யன்னலால தலையை நீட்டி ஆர் ஆர் நிக்கினம் எண்டு பாக்கிற சுகந்தி, அண்டைக்குக் குனிஞ்சு பிள்ளையின்ர காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

உள்ளுக்கு

எங்கட இலக்கத்தைக் கூப்பிட்டவை. டொக்டர் ஒரு இளம் மனிசி, கதை குறைவு. அட்டையை வாங்கி மேசையில கவிட்டு வைச்சிட்டு முதல் பிள்ளையைத்தான் பாத்தா. உடுப்பெல்லாத்தையும் கழட்டச் சொல்லி நிறுத்தா, படுக்கவைச்சு நீளம் அளந்தா, வயித்தை அமத்தினா, கண்ணை இழுத்துப் பாத்தா. மதுரா அவாவின்ர கழுத்தில தொங்கின குழாயைப் பிடிச்சு வாய்க்குள்ள வைச்சாள். டொக்டர் பறிக்கேல்லை.

பிறகு அட்டையை விரிச்சா. கன நேரம் பாத்தா. அந்த நேரம் சுகந்தி என்ர கையைப் பிடிச்சிருந்த பிடியில எனக்கு விரல் மரத்துப்போச்சு.

“போன மாசப் புள்ளிக்கு இலக்கம் இல்லை. ஆர் நிறுத்தது?”

வெள்ளக் கதையைச் சொன்னம். கொண்டுபோனவாவிட்ட ஒருக்காக் கேக்கலாமோ எண்டா. கேட்டால் நான் பொய் சொன்னது பிடிபடும். பிள்ளையைவிடப் பெரிசோ எண்டு போனை எடுத்து, டொக்டருக்கும் கேக்கட்டும் எண்டு ஸ்பீக்கரில போட்டன். ஒரு அடியிலயே அக்கா எடுத்தா.

“அக்கா, பள்ளிக்கூடத்தில இருக்கேக்க மருத்துவக் குழு வந்ததெல்லோ. அண்டைக்குப் பிள்ளையை நிறுத்தவையோ?”

“இல்லை. தராசே கொண்டரேல்லை. பாணி மருந்துதான் தந்தவை.”

“அப்ப அட்டையில புள்ளி ஆர் வைச்சது?”

அங்கால அக்காவின்ர குரல் இறங்கிப்போச்சு.

“நான்தான் தம்பி. நாவூறு படாமல் பொட்டு வைச்சனான்.”

டொக்டர் ஒரு பஞ்சுத் துண்டை நனைச்சு அந்தப் புள்ளியில ஒத்தி எடுத்தா. கறுப்பு பஞ்சில வந்திட்டுது. சவ்வரிசியைக் கருக்கிச் சிரட்டையில காயவைச்சு, பிள்ளையளின்ர கன்னத்தில வைக்கிற அதே கறுப்புப் பொட்டு. அக்கா அதை நெருப்புக்குச்சி முனையால சின்னனா வைச்சிருக்கிறா. வெறுமையா இருந்த மாசக் கட்டத்தில, கோட்டுக்குக் கொஞ்சம் மேல, பிள்ளையின்ர நெத்தி ஓரத்தில வைக்கிறமாதிரி.

டொக்டர் தன்ர பேனையால பழைய புள்ளியையும் இந்த மாசப் புள்ளியையும் நேரத் தொடுத்தா. கோடு பச்சைக்குள்ள தன்ர பாட்டில ஏறிக்கொண்டு போனது.

“பிள்ளை மெலியேல்லை. தன்ர கோட்டிலதான் போறா. தடிமனால கொஞ்சம் மெதுவாயிருக்கு, அவ்வளவுதான்.”

ஒரு புள்ளியை மட்டும் பாத்துப் பயப்பிடக்கூடாது, கோடு போற போக்கைப் பாக்கவேணும் எண்டும் சொன்னா. இதை நான் ஊர் ஊராப் போய்க் கூட்டம் கூட்டமாச் சொல்லியிருக்கிறன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தன். பஞ்சைக் குப்பைக்குள்ள போடேக்கதான் டொக்டருக்குச் சிரிப்பு வந்தது. அதைப் பாத்து எனக்கும் வந்திட்டுது.

வெளியில வந்து மாமரத்துக்குக் கீழ சுகந்தி நிண்டு அழுதாள். நான் சிரிக்கிறன், அவள் அழுகிறாள், பிள்ளை ரெண்டு பேரின்ர முகத்தையும் மாறி மாறிப் பாக்குது. அப்பாடா எண்ட சொல்லுக்கு அண்டைக்குத்தான் எனக்கு முழு அர்த்தம் தெரிஞ்சது. நெஞ்சுக்குள்ள இருந்த கல்லை ஆரோ இறக்கி வைச்சமாதிரி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில ஆளுக்கு ரெண்டு றோல்ஸும் பிளேன்ரீயும் எடுத்தம். விடிய இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை எண்டது அப்பதான் ஞாபகம் வந்தது. மதுரா றோல்ஸின்ர மொறுமொறுத் தோலைப் பிடுங்கி வாயில வைச்சாள். சாப்பிடடி என்ர குஞ்சு எண்டன்.

பஸ்ஸில சுகந்தி திடீரெண்டு சிரிக்கத் துவங்கினாள். கையில வெண்ணெயை வைச்சுக்கொண்டு நெய்க்கு வவுனியாவரைக்கும் போயிருக்கிறம், வேலிக்கு அங்கால ஒருக்காக் கேட்டிருந்தால் முடிஞ்சிருக்கும் எண்டாள். கேக்கவிடாத ஆள் ஆர் எண்டும் சேர்த்துச் சொன்னாள்.

படலையடி

நாங்கள் இறங்கி ஒழுங்கைக்குள்ள வர வெயில் தாழ்ந்திட்டுது. அக்கா எங்கட படலையடியில நிக்கிறா. அத்தான் பிறகு சொன்னார், போன் கதைச்ச நேரத்தில இருந்து அதிலதான் நிண்டவாவாம்.

நான் தூரத்திலயே நக்கலாத் துவங்கினன். அக்கா, உங்கட பொட்டாலதான் என்ர பிள்ளைக்கு வருத்தம் வந்தது, டொக்டர் பஞ்சால துடைச்சுச் சுகமாக்கிப்போட்டா எண்டு. அக்கா சிரிக்கேல்லை. பிள்ளைக்கு ஒண்டுமில்லையே எண்டு மட்டும் கேட்டா. ஒண்டுமில்லை, நல்லா வளருறாள் எண்டன். அதைக் கேட்டதும் வேலிக் கதியால் தடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா.

மதுரா அவாவைக் கண்டிட்டுக் கையை நீட்டித் துள்ளுறாள். அக்கா ஒரு அடி பின்னுக்குப் போனா.

எனக்கு அப்பதான் உறைச்சது. கொஞ்ச நாளா அக்கா பிள்ளையைத் தூக்கேல்லை. கிளினிக்கால வந்த நாள் நானும் சுகந்தியும் குசினிக்குள்ள கதைச்சது வேலிக்கு அங்கால கேட்டிருக்கு. அண்டையில இருந்து வேலியைத் தாண்டி வரேல்லை. நாங்கள் எங்கட அந்தரத்தில அதைக் கவனிக்கவுமில்லை. பிள்ளை பிறந்த முப்பத்தொராம் நாள் சடங்குக்கும் அக்கா காப்பை வாங்கிக்கொண்டு வந்து, போடுறதுக்கு முன்னுக்கு வராமல் வேறை ஆளிட்டக் குடுத்துப் போடுவிச்சவா. அண்டைக்குக் குசினியில வேலை எண்டு சொன்னதை நான் நம்பினனான்.

அக்கா சொன்னதை அப்பிடியே எழுதுறன். அவாவிட்டக் கேட்டிட்டுத்தான் எழுதுறன்.

“பள்ளிக்கூடத்தில இருக்கேக்க அட்டையை விரிச்சுப் பாத்தனான். கோடு வடிவா மேல ஏறிப்போகுது. நல்லா வளருறாள் எண்டு என்னை அறியாமல் வாயால வந்திட்டுது. எனக்குப் பிள்ளையில்லை தம்பி. என்ர கண்ணைப் பற்றிச் சனம் கதைக்கிறது எனக்குத் தெரியாமலோ. உடன பொட்டை வைச்சன். பிறகு பிள்ளை மெலிஞ்சுபோச்சு எண்டு நீங்கள் கதைக்கக் கேட்டன். பொட்டையும் தாண்டி என்ர கண் பட்டிட்டுது எண்டு நினைச்சன்.”

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது எண்டு நாங்கள் எத்தினை தரம் சும்மா சொல்லியிருப்பம். அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில ஒரு மனிசி இருந்திருக்கிறா எண்டு ஒருக்காலும் நினைக்கேல்லை.

சுகந்தி என்னைப் பாக்கேல்லை. சொப்பிங் பையை என்ர கையில திணிச்சாள். நேர போய்ப் பிள்ளையை அக்காவின்ர இடுப்பில வைச்சாள். அக்கா வேண்டாம் எண்டு தலையை ஆட்டினா, ஆனால் கை தன்ர பாட்டில பிள்ளையை அணைச்சிட்டுது. மதுரா அவாவின்ர தாலிக்கொடியைப் பிடிச்சு இழுக்கிறாள். அக்கா பிள்ளையைப் பாக்காமல் முகத்தை ஒழுங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டு நிக்கிறா.

“உங்கட கண் பட்டுப் பட்டுத்தான் மச்சாள் இவள் வளந்தவள். வடிவாப் பாருங்கோ” எண்டாள் சுகந்தி.

அக்கா திரும்பிப் பாத்தா.